ஸ்விங் காலத்து ஜாஸ் பொருள்கள் சேர்ப்பது: கையெழுத்துப் படத்தில் தொடங்கலாமா?

உறையூர்க்காரன்

வணக்கம் நண்பர்களே. பென்னி குட்மன், கவுண்ட் பேஸி, டியூக் எலிங்டன், கிளென் மில்லர் என்று ஸ்விங் காலத்து பெரிய பேண்டுகளைக் கொஞ்ச நாளாக விடாமல் கேட்டு வருகிறேன். கேட்பதோடு நிற்க மனம் வரவில்லை. 1935க்கும் 1945க்கும் இடையில் யாரோ ஒருவர் கையில் இருந்த பொருள் ஏதாவது என்னிடம் இருக்க வேண்டும் என்று ஆசை.

இணைய ஏலம் ஒன்றில் கிளென் மில்லர் கையெழுத்திட்ட புகைப்படம் வந்திருக்கிறது. எட்டுக்குப் பத்து அங்குலம். மை பளிச்சென்று தெரிகிறது, விற்பவர் சான்றிதழும் தருகிறார். விலை என் மாதச் சம்பளத்தில் பாதி. கையெழுத்தைப் பெரிதாக்கி எடுத்த படத்தை இணைத்திருக்கிறேன். வேறொருவர் ஒரு பெட்டி நிறைய மில்லரின் 78 தட்டுகளை, அதாவது நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய இசைத்தட்டுகளை, மலிவாகத் தருகிறார். எதில் தொடங்கலாம்?

ஊசிமுனை

தம்பி, அந்தப் புகைப்படத்தை விட்டுவிடுங்கள்.

நீங்கள் போட்ட படத்தில் கோடு முழுக்க ஒரே தடிமனாக ஓடுகிறது. வளைவுகளில் மை சிறு கட்டியாகத் தேங்கி நிற்கிறது. இது பால்பாயிண்ட் பேனாவின் குணம். மை பேனாவில் அழுத்தும் இடத்தில் கோடு அகலும், தூக்கும் இடத்தில் மெலியும். அமெரிக்கக் கடையில் பால்பாயிண்ட் விற்பனைக்கு வந்தது 1945 அக்டோபர் கடைசியில், நியூயார்க் கிம்பல்ஸ் கடையில், பன்னிரண்டரை டாலருக்கு. மில்லர் ஏறிய சிறு விமானம் ஆங்கிலக் கால்வாய்ப் பக்கம் காணாமல் போனது 1944 டிசம்பர் 15. மேலே எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

இந்தக் காலத்து ஆட்களில் பலர் இளம் வயதிலேயே போய்விட்டார்கள். அந்தத் தேதிகளை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதி போலிகள் அங்கேயே விழுந்துவிடும். ட்ரம்மர் சிக் வெப் இறந்தது 1939 ஜூன். கிட்டார்க்காரர் சார்லி கிறிஸ்டியன் 1942 மார்ச். டிரம்பெட் வாசித்த பன்னி பெரிகன் அதே ஆண்டு ஜூன். பியானோக்காரர் ஃபேட்ஸ் வாலர் 1943 டிசம்பர். இவர்கள் பெயரில் பால்பாயிண்டோ ஸ்கெட்ச் பேனாவோ இருந்தால் திரும்பிக்கூடப் பார்க்காதீர்கள்.

மில்லருக்கு இன்னொரு சோதனை உண்டு. அவருடைய சிவிலியன் பேண்டின் கடைசி நிகழ்ச்சி 1942 செப்டம்பர் 27. அப்புறம் ராணுவத்தில் கேப்டனாகச் சேர்ந்தார். மேஜர் பதவி கிடைத்தது 1944 ஆகஸ்டில். ஆகவே மேஜர் என்று எழுதிக் கையெழுத்திட்ட தாள் அந்தக் கடைசி சில மாதங்களுக்குள் வந்தாக வேண்டும். 1943 தேதியோடு மேஜர் என்று இருந்தால் எழுதியது அவரில்லை.

விற்பவர் தானே அச்சடித்துத் தரும் சான்றிதழுக்கு மதிப்பு கிடையாது. அது அவருடைய வாய்ச்சொல், தாளில் இருக்கிறது, அவ்வளவுதான்.

பேஸி ரசிகை

ஊசிமுனை அண்ணா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ரசிகர்கள் கடிதம் போட்டால் அனுப்புவதற்கென்றே பேண்டுகள் புகைப்படம் அச்சடித்து வைத்திருந்தன. பலவற்றில் கையெழுத்தும் சேர்ந்தே அச்சானது. சாய்வான வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உண்மையான மை படத்தின் பளபளப்புக்கு மேலே தனியாகத் தெரியும். அச்சான கையெழுத்து படத்தோடு ஒன்றாகவே மினுங்கும். மோசடி எண்ணத்தில் செய்ததில்லை, ரசிகருக்கு அன்பாக அனுப்பியதுதான். இன்று அதையே கையால் போட்டதென்று விற்கும்போதுதான் பிரச்சினை.

இரண்டாவது, தலைவரின் கையெழுத்தைத் துரத்தாதீர்கள். பேண்டில் இருந்த எல்லாரும் ஒரே பக்கத்தில் போட்ட ஆட்டோகிராஃப் ஆல்பத் தாள்களைத் தேடுங்கள். இரண்டாவது டிராம்போன்காரர், மூன்றாவது சாக்ஸபோன்காரர் என்று பன்னிரண்டு பதினான்கு பெயர் இருக்கும். ஒரு பெயரைக் காப்பியடிக்கப் பழகியவருக்குப் பதினான்கு பேருடைய கையெழுத்தும் வராது. யார் எந்த மாதம் சேர்ந்தார், எந்த மாதம் விலகினார் என்பது பதிவாகியிருப்பதால் அந்தப் பெயர்களை வைத்தே தாளின் காலத்தைச் சொல்லிவிடலாம். 1944இல் மில்லரின் விமானப்படை இசைக்குழு இங்கிலாந்தில் பெட்ஃபோர்டைத் தளமாக வைத்துச் சுற்றியது. அந்த வட்டாரத்துப் பெண்கள் பள்ளி ஆல்பத்தில் வாங்கிய கையெழுத்துகள் இன்றும் அவ்வப்போது வெளியே வருகின்றன. தலைவர் கையெழுத்து இல்லாத பக்கம் மலிவாகக் கிடைக்கும். எனக்கு அதுதான் பிடிக்கும்.

உறையூர்க்காரன்

பெரிய நஷ்டத்திலிருந்து காப்பாற்றினீர்கள், இருவருக்கும் நன்றி. அந்த ஏலத்தை விட்டுவிட்டேன். அப்போது எதை வாங்குவது? தட்டுப் பெட்டியை எடுத்துக்கொள்ளலாமா?

பாஸாயிக்_கரை

நான் நியூஜெர்சியில் இருக்கிறேன். மில்லரின் சிவிலியன் பேண்ட் கடைசியாக வாசித்த பாஸாயிக் ஊரும், பெரிய பேண்டுகள் வந்து வாசித்து வானொலியில் ஒலிபரப்பான சீடர் குரோவ் மெடோபுரூக் அரங்கும் எங்கள் பக்கம்தான். பழைய இசைத்தட்டுச் சந்தைகளில் நான் முதலில் போய் நிற்பது காகிதப் பெட்டி முன்னால்.

காகிதத்தில் தொடங்குங்கள் என்பதுதான் என் கருத்து. நடன அரங்கின் மேசைமேல் வைத்த அட்டை, உணவுப் பட்டியல், தீப்பெட்டி அட்டை, நுழைவுச்சீட்டு, துண்டறிக்கை, பாட்டின் அச்சிட்ட இசைத்தாள். இரவு விடுதிகளில் ஒரு பெண் கேமராவோடு மேசை மேசையாக வந்து படம் எடுத்து, விடுதியின் பெயர் போட்ட அட்டை உறைக்குள் வைத்துத் தருவார். அந்த உறைகளும் அப்படியே கிடைக்கின்றன, உள்ளே யாரென்று தெரியாத நாலு பேர் சிரித்துக்கொண்டு. இவற்றில் இடமும் பல நேரம் தேதியும் இருக்கும். நியூயார்க் பென்சில்வேனியா ஹோட்டலின் கஃபே ரூஜ் அரங்கில் மில்லர் வாசித்தார். அந்த ஹோட்டலின் தொலைபேசி எண்ணே ஒரு பாட்டாகிப் புகழ்பெற்றது. கட்டடத்தை இப்போது இடித்தாகிவிட்டது. அங்கே ஓர் இரவுச் சாப்பாடு என்ன விலை, பேண்டுக்காகத் தனியாக எவ்வளவு வாங்கினார்கள் என்பது அந்த மெனு அட்டையில் மட்டும்தான் இருக்கிறது.

இசைத்தாளில் ஒரு நுணுக்கம். ஒரே பாட்டின் அட்டையைப் பதிப்பாளர் பல தடவை அச்சடிப்பார். ஓவியம் அதேதான், ஓரத்தில் இருக்கும் சின்னப் புகைப்படம் மட்டும் மாறும். ஒன்றில் டாமி டார்ஸி, இன்னொன்றில் வேறொரு பேண்ட் தலைவர். ஒரு பாட்டை யார் யார் வானொலியில் வாசித்துப் பரப்பினார்கள் என்பதை இதிலிருந்து பின்தொடரலாம். செலவும் குறைவு, தபாலில் உடையாது.

தாளம்78

பாஸாயிக் நண்பரோடு எனக்கு இதில் உடன்பாடு இல்லை. இது இசை. இசை இருப்பது தட்டில். மெனு அட்டையை எத்தனை வருடம் பார்த்துக்கொண்டிருந்தாலும் பேஸி பேண்டின் லெஸ்டர் யங் வாசித்த சாக்ஸபோன் கேட்காது. தட்டில்தான் தொடங்க வேண்டும்.

ஆனால் அந்த மில்லர் பெட்டி வேண்டாம். புளூபேர்ட் லேபிளில் வந்த மில்லர் தட்டுகள் லட்சக்கணக்கில் விற்றவை. சட்டனூகா சூ சூ என்ற ரயில் பாட்டுக்காக 1942 பிப்ரவரியில் தங்க முலாம் பூசிய தட்டு ஒன்றை கம்பெனி அவருக்கு வழங்கியது. 12 லட்சம் விற்றதற்கான பரிசு அது. அவ்வளவு விற்ற பொருளுக்கு அரிது என்ற பேச்சே வராது. அமெரிக்காவில் சில டாலருக்குக் கிடைக்கும், தபால் செலவு அதைப்போலப் பல மடங்கு.

விலையைப் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். பெருமந்தக் காலத்தில் விக்டர் கம்பெனியின் முதல்தரத் தட்டு 75 சென்ட். 1934இல் அமெரிக்க டெக்கா தொடங்கியபோது 35 சென்ட் என்று போட்டார்கள். புளூபேர்ட் விக்டரின் மலிவு லேபிள், அதுவும் 35. சாதாரண வேலைக்காரர் வீட்டுக்குள் ஸ்விங் நுழைய இந்த விலையும் ஒரு காரணம். மறுபக்கம் பாருங்கள்: கவுண்ட் பேஸியை டெக்கா ஒப்பந்தம் செய்தது 24 பாட்டுப் பதிவுக்கு 750 டாலர் என்று. ராயல்டி ஒரு காசு கிடையாது. பேஸியின் டெக்கா தட்டைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கணக்கு நினைவுக்கு வரும்.

வாங்குவதாக இருந்தால் முதலில் தேய்மானம் பாருங்கள். அந்தக் கால கிராமபோனின் கனமான கையும் இரும்பு ஊசியும் பள்ளத்தை உழுதுவிடும். கறுப்பாகப் பளபளக்காமல் சாம்பல் பூத்தாற்போல் இருந்தால் தேய்ந்துவிட்டது. ஒலிக்க 78க்கென்று உள்ள ஊசி, சுமார் 3 மில் அளவு (மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), வேண்டும். எல்பி ஊசி பள்ளத்தின் அடியில் போய்த் தேய்க்கும், இரைச்சல்தான் மிஞ்சும். சாராயம் கலந்த எந்தத் திரவத்தாலும் துடைக்காதீர்கள். அரக்கு அதில் கரையும். லேசான சோப்புத் தண்ணீர் போதும், லேபிள் நனையக்கூடாது. நட்டமாக நிறுத்தி வையுங்கள். திருச்சி வெயிலில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால் அடியில் உள்ளது வளைந்துவிடும்.

எந்தத் தட்டு, எந்த நாள், எந்த டேக் (ஒரே பாட்டை எத்தனையாவது முறை வாசித்த பதிவு) என்பதற்கு லேபிளை ஒட்டிய வெற்றுப் பகுதியில் பொறித்த எண்ணைப் படியுங்கள். சாண்டா பார்பராவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் அமெரிக்கப் பழம்பதிவுகளின் பட்டியலை இலவசமாக இணையத்தில் வைத்திருக்கிறது. எண்ணைத் தட்டினால் பதிவு நாளும் பெரும்பாலும் வந்துவிடும்.

பாஸாயிக்_கரை

தட்டு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை சார். ஸ்டுடியோவில் மூன்று நிமிடத்துக்கு அடக்கி வாசித்ததுதான் தட்டு. அரங்கில் ஆடுபவர்கள் விடாதபோது அதே பாட்டு எவ்வளவு நீண்டது, யார் ஆடினார்கள், யாரை உள்ளே விடவில்லை, இதையெல்லாம் தட்டு சொல்லாது. காகிதம் சொல்லும்.

உறையூர்க்காரன்

ஒரு சந்தேகம். 1942, 43இல் வந்த தட்டுகள் குறைவு என்று எங்கோ படித்தேன். இந்தியாவுக்கும் அதில் தொடர்பு உண்டு என்றார்கள். உண்மையா?

ஊசிமுனை

உண்மை. 78 தட்டின் பிசின் அரக்கு. சோட்டா நாக்பூர் காடுகளில் புரசு, இலந்தை போன்ற மரங்களின் கிளையில் அரக்குப் பூச்சி சுரப்பது. அதைச் சுரண்டி, உருக்கி, தகடாக இழுத்துக் கல்கத்தா துறைமுகம் வழியாக அனுப்பினார்கள். நியூஜெர்சி காம்டனில் விக்டர் கம்பெனி அதோடு கல்தூளும் கரித்தூளும் சேர்த்து அழுத்தித் தட்டாக்கியது. நியூயார்க்கின் கறுப்பினப் பகுதியான ஹார்லெமில், சவாய் நடன அரங்கில் ஆடிய பாட்டுக்கு அடியில் ஆதிவாசிக் குடும்பங்கள் சேகரித்த அரக்கு இருந்தது என்பதை ஜாஸ் வரலாறு எழுதுபவர்கள் அரிதாகவே சொல்கிறார்கள். சொல்ல வேண்டிய விஷயம் அது.

ஜப்பானோடு போர் தொடங்கியதும் அந்தக் கப்பல் வழி ஆபத்தானது. அரக்கு ராணுவத்துக்கும் தேவைப்பட்டது. 1942 ஏப்ரலில் அமெரிக்கப் போர் உற்பத்தி வாரியம், ராணுவம் சாராத அரக்குப் பயன்பாட்டை 70 சதவீதம் வெட்டியது. பழைய தட்டைக் கொடுத்தால்தான் புதுத் தட்டு என்று கடைகள் கேட்டன. படைவீரர்களுக்காக என்று வீடு வீடாகப் பழைய தட்டுகளைத் திரட்டி அரைத்தார்கள். அப்படி அரைபட்டவற்றில் 1920களின் தட்டுகள் எத்தனை போயிருக்கும்.

அதே ஆண்டு ஆகஸ்ட் 1இல் இசைக்கலைஞர் சங்கம் பதிவு நிறுத்தம் அறிவித்தது. தலைவர் ஜேம்ஸ் பெட்ரில்லோ. வானொலியும் ஜூக்பாக்ஸும் தட்டை வைத்தே ஓட்டிவிட்டால் நேரில் வாசிப்பவனுக்கு வேலை எங்கே என்பது அவர் கேள்வி. டெக்கா 1943 செப்டம்பரில் இறங்கி வந்தது. விக்டரும் கொலம்பியாவும் 1944 நவம்பர் வரை தாக்குப்பிடித்தன. இடைப்பட்ட காலத்தில் பெரிய பேண்டுகள் எப்படி ஒலித்தன என்பதற்குக் கடையில் விற்ற தட்டு ஏறக்குறைய இல்லை.

அந்த இடைவெளியை நிரப்புவது வி-டிஸ்க். கடல் கடந்த படைவீரர்களுக்காக ராணுவமே 1943 அக்டோபரிலிருந்து 1949 வரை வெளியிட்டது, மொத்தம் 80 லட்சத்துக்கு மேல். ஊதியம் வாங்காமல் வாசிக்கிறோம், ஆனால் விற்கக்கூடாது, பின்னால் அழித்துவிட வேண்டும் என்ற உடன்பாட்டின் பேரில் சங்கம் அனுமதி தந்தது. பன்னிரண்டு அங்குலம், ஒரு பக்கம் ஆறு நிமிடத்துக்கு மேலும் போகும். அரக்கில்லாமல் வினைல் வகைப் பொருளில் அழுத்தியதால் கீழே விழுந்தாலும் பெரும்பாலும் தப்பிக்கும். திட்டம் முடிந்ததும் சொன்னபடி அச்சுகளையும் தட்டுகளையும் அழித்தார்கள். வீரர்கள் பையில் மறைத்து வீட்டுக்குக் கொண்டுபோனவைதான் இன்று சந்தையில் இருப்பதில் பெரும்பங்கு. தட்டு சேர்ப்பதாக இருந்தால் நான் காட்டும் கதவு இதுதான்.

தாளம்78

வி-டிஸ்க்குக்கு என் ஓட்டும் உண்டு.

ஹௌராப்_பாலம்

இந்த இழையைக் கொல்கத்தாவிலிருந்து படிக்கிறேன். இந்தியாவிலேயே தேடலாம் என்பதை யாரும் சொல்லவில்லையே. கிராமபோன் கம்பெனியின் டம்டம் தொழிற்சாலை வெளிநாட்டு ஸ்விங் பாட்டுகளையும் இங்கேயே அழுத்தி விற்றது. எச்எம்வி, கொலம்பியா லேபிளில் எலிங்டனும் குட்மனும் இந்திய அச்சில் கிடைப்பார்கள். அமெரிக்க முதல் அச்சுக்குள்ள விலை வராது, ஆனால் கடல் தாண்டும் தபால் செலவும் உடையும் பயமும் இல்லை.

டெடி வெதர்ஃபோர்ட் என்ற கறுப்பின அமெரிக்கப் பியானோ கலைஞர் ஷாங்காய், பம்பாய் என்று சுற்றி, போர்க்காலத்தில் இங்கே கிராண்ட் ஹோட்டலில் குழு நடத்தினார். 1945 ஏப்ரலில் காலராவில் இறந்தார், இதே ஊரில். அவர் இங்கே கொலம்பியாவுக்குப் பதிவு செய்த தட்டுகள் ஸ்விங் காலத்தின் நேரடி இந்தியச் சான்று. பழைய தட்டுக் கடையில் ஆங்கிலப் பாட்டு என்று ஒதுக்கி வைத்த கட்டுக்குள் இருக்கலாம். பம்பாய் தாஜ் ஹோட்டலில் 1930களின் நடுவில் லியான் அபி என்ற கறுப்பின அமெரிக்கரின் குழு வாசித்தது. அந்தக் கால ஹோட்டல் நிகழ்ச்சி அட்டைகள் கண்ணில் பட்டால் விடாதீர்கள்.

பேஸி ரசிகை

அருமை ஹௌரா அண்ணா, வெதர்ஃபோர்டுக்காகவே இந்த இழை நீளட்டும்.

ஒரு வேண்டுகோள் வைக்கிறேன், கொஞ்சம் நீளம். ஸ்கிராப்புக் பற்றியது. பதினாறு வயதுப் பெண் ஒருத்தி 1938இல் ஒரு நோட்டு எடுத்து, தான் பார்த்த ஒவ்வொரு பேண்டின் நுழைவுச்சீட்டையும், டவுன்பீட் பத்திரிகையில் வெட்டிய படத்தையும், அன்று எந்தப் பாட்டு வாசித்தார்கள் என்று பென்சிலில் எழுதிய குறிப்பையும் ஒட்டி வைத்திருப்பாள். நாலு வருடத்துப் பழக்கம் அதில் இருக்கும். முதலில் பென்னி குட்மன் படங்களாகவே இருக்கும், அப்புறம் ட்ரம்மர் ஜீன் கிரூபா தனிக்குழு தொடங்கியதும் அவள் மனம் அங்கே போயிருக்கும், 1942 வந்ததும் பக்கங்கள் வெறுமையாகும்.

விற்பனையாளர் கையில் சிக்கினால் இதைப் பிரிப்பார். கையெழுத்து தனி, சீட்டு தனி, படம் தனி. துண்டு துண்டாக விற்றால் நல்ல காசு. பென்சில் குறிப்போடு இருந்த மீதித் தாள் குப்பைக்குப் போகும். பிரித்தபிறகு அந்தச் சீட்டு யாருடையது, அன்று என்ன வாசித்தார்கள் என்பதை உலகத்தில் யாராலும் திரும்பச் சேர்க்க முடியாது. இப்படிப் பிரித்த துண்டுகளை நான் வாங்குவதில்லை. முழு நோட்டு கிடைத்தால், படம் மங்கியிருந்தாலும் பசை மஞ்சளாகியிருந்தாலும், வாங்கி அப்படியே வைக்கிறேன். அமிலமில்லாத தாளை ஒவ்வொரு பக்கத்துக்கும் இடையில் வைத்து, முழுவதையும் படமெடுத்துவிடுகிறேன். ஒட்டிய எதையும் உரிப்பதில்லை.

யாரிடமிருந்து வந்தது, எந்த ஊர் வீடு, எந்தப் பெட்டியில் கிடந்தது என்று விற்பவரிடம் கேட்டு எழுதி வையுங்கள். பொருளின் மதிப்பில் பாதி அந்தக் குறிப்பில்தான் இருக்கிறது.

பாஸாயிக்_கரை

இதை அப்படியே ஆமோதிக்கிறேன். சாதாரண ஆட்கள் பத்திரப்படுத்தியதால்தான் பெரிய விஷயங்களே பிழைத்தன. எலிங்டன் பேண்ட் 1940 நவம்பர் 7, வியாழக்கிழமை, வடக்கு டகோட்டா ஃபார்கோ நகரில் ஒரு நடன இரவுக்கு வாசித்தது. ஜாக் டவர்ஸ், டிக் பர்ரிஸ் என்ற இரண்டு இளைஞர்கள் அனுமதி கேட்டு, தூக்கிச் செல்லும் தட்டு வெட்டும் கருவியோடு போய்ப் பதிவு செய்தார்கள். தங்கள் விருப்பத்துக்குச் செய்தது. டிரம்பெட் வாசித்த கூட்டி வில்லியம்ஸ் குட்மனிடம் போய்விட்டதால் ரே நான்ஸ் டிரம்பெட்டோடு வந்து உட்கார்ந்த முதல் வாரம் அது. 1978இல் எல்பியாக வெளியாகி கிராமி விருது வாங்கியது.

பில் சேவரி கதை இன்னும் பெரிது. ஒலிப்பதிவுக்கூடத்தில் வேலை பார்த்தவர், 1930களின் பின்பாதியில் வானொலியில் நேரடியாக வந்த ஜாஸை இரவுதோறும் தட்டில் வெட்டி வைத்தார். சாகும்வரை யாருக்கும் முழுதாகக் காட்டவில்லை. 2010இல் அவர் மகனிடமிருந்து ஹார்லெம் தேசிய ஜாஸ் அருங்காட்சியகம் சுமார் 975 தட்டுகளை வாங்கியது. வழக்கமான தட்டைவிடப் பெரியவை என்பதால் மூன்று நிமிடத்தில் நிற்காமல் சாக்ஸபோன்காரர்கள் கோல்மன் ஹாக்கின்ஸும் லெஸ்டர் யங்கும் நீளமாக வாசிப்பதைக் கேட்கலாம். சில தட்டுகள் காப்பாற்ற முடியாத அளவு சிதைந்திருந்தன.

ஏன் சிதைகின்றன என்றால், இவை அலுமினியத் தகட்டின் மேல் லேக்கர் பூசியவை. நம் வட்டத்தில் அசிடேட் என்று சொல்கிறோமே, அது. வயதானால் பூச்சு சுருங்கும், தகடு சுருங்காது, உடனே செதில் செதிலாக உரியும். மேலே வெள்ளைப் பொடி பூத்தால் பூச்சுக்குள் இருந்த எண்ணெய் வெளியே வருகிறது என்று அர்த்தம். போர்க்காலத்தில் அலுமினியம் கிடைக்காமல் கண்ணாடித் தகட்டில் பூசினார்கள், அதைத் தூக்கவே பயமாக இருக்கும். கையெழுத்தில் லேபிள் எழுதிய அசிடேட் கிடைத்தால் நீங்களாக ஊசி வைத்துப் பார்க்காதீர்கள். ஒரே தடவைதான் ஓடும் நிலையில் இருக்கலாம். அதை நல்ல கருவி உள்ளவரிடம் கொடுத்து எண்ணிமமாக்க வேண்டும்.

நீலக்குரல்

வெகுநாளாக மனத்தில் இருப்பதைக் கேட்கிறேன். ஹார்லெம் இரவு விடுதியான காட்டன் கிளப்பின் நிகழ்ச்சி நிரல்கள் ஏலத்தில் நல்ல விலைக்குப் போகின்றன. மேடையில் கறுப்பினக் கலைஞர்கள், மேசையில் வெள்ளையர் மட்டும். அட்டைப் படத்திலேயே கறுப்பர்களைக் காட்டுவாசிகளாக, பழைய தோட்ட அடிமைகளாக வரைந்திருப்பார்கள். எலிங்டன் பெயர் இருக்கிறது என்பதற்காக அதைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டுவது சரியா?

ஊசிமுனை

மாட்டமாட்டேன். ஆனால் வைத்திருப்பேன். அழித்துவிட்டால் எலிங்டன் எந்தச் சுவருக்குள் நின்றுகொண்டு அந்த இசையை எழுதினார் என்பதற்குச் சான்று போய்விடும். பெட்டிக்குள் வைத்து, கேட்பவருக்கு விளக்கத்தோடு காட்டுவேன். அதன் பக்கத்தில் சவாய் அரங்கின் துண்டறிக்கை ஒன்றையும் வைப்பேன். லெனாக்ஸ் அவென்யூவில் 1926 முதல் 1958 வரை இருந்த அரங்கு. அங்கே கறுப்பரும் வெள்ளையரும் ஒரே தளத்தில் ஆடினார்கள். சிக் வெப் பேண்ட் 1937 மே மாதம் குட்மன் பேண்டோடு இசைப்போட்டியில் மோதி ஜெயித்தது அங்கேதான். இரண்டு இடத்துக்கும் இடையே நடை தூரம்தான்.

பேஸி ரசிகை

நான் அதை வாங்கவே மாட்டேன், அண்ணா. நம் காசு போய்ச் சேரச் சேர அந்தப் படங்களுக்கு விலை ஏறும். அருங்காட்சியகத்தில் இருந்தால் போதும். ரட்கர்ஸ் பல்கலைக்கழக ஜாஸ் ஆய்வு நிறுவனமும் ஸ்மித்சோனியனும் இதற்காகத்தான் இருக்கின்றன. எலிங்டனின் ஆவணங்கள் ஸ்மித்சோனியனில், குட்மனுடையவை யேலில், பேஸி குடும்பத்தின் தொகுப்பு ரட்கர்ஸில். ஆய்வாளர் யாரும் போய்ப் பார்க்கலாம்.

நீலக்குரல்

இரண்டு பதிலையும் யோசிக்கிறேன். பேஸி ரசிகை அக்கா சொல்வது எனக்கு நெருக்கமாக இருக்கிறது.

உறையூர்க்காரன்

பழையபடி ஏலத்துக்கு வருகிறேன், இந்த முறை கேள்வி வேறு. எர்ஸ்கின் ஹாக்கின்ஸ் பேண்டின் விண்டோ கார்டு ஒன்று. பதினான்குக்கு இருபத்திரண்டு அங்குல அட்டை. நடுவில் அவர் டிரம்பெட்டோடு நிற்கும் படம், கீழே புளூபேர்ட் பதிவுக் கலைஞர் என்ற வரி. மேலே வெற்றிடத்தில் ஊர் அரங்கின் பெயரை வேறு மையில் அடித்திருக்கிறார்கள். தென்மாநில ஊர். சனி, ஆகஸ்ட் 9 என்று இருக்கிறது, ஆண்டு இல்லை. அடியில் வெள்ளைப் பார்வையாளர்களுக்குத் தனிக் கட்டணம் என்று ஒரு வரி. அச்சகத்தின் முகவரி ஓரத்தில் பொடி எழுத்தில். முன்பக்கப் படம் இணைத்திருக்கிறேன். மறு அச்சா, அசலா? அசலென்றால் எந்த ஆண்டு?

பாஸாயிக்_கரை

இதுதான் நான் சொன்ன பொருள்! நல்ல தேர்வு.

விண்டோ கார்டு எப்படி வேலை செய்தது என்று முதலில் சொல்கிறேன். பேண்டின் ஏஜென்சி படத்தோடு மொத்தமாக அச்சடித்து, மேலே காலியாக விட்டு அனுப்பும். ஊர் ஒப்பந்தக்காரர் தன் அரங்கு, தேதி, கட்டணத்தை அங்கே அடித்துக் கடை ஜன்னல்களிலும் முடிதிருத்தும் கடைகளிலும் வைப்பார். நிகழ்ச்சி முடிந்ததும் தூக்கிப் போட்டுவிடுவார்கள். அதனால்தான் அரிது.

கிழமையைப் பாருங்கள். ஸ்விங் காலத்தில் ஆகஸ்ட் 9 சனிக்கிழமையாக வந்தது 1941இல். அதற்கடுத்து 1947. ஹாக்கின்ஸ் புளூபேர்டில் பதிவு செய்யத் தொடங்கியது 1938, 1945 வாக்கில் விக்டர் லேபிளுக்கு மாறிவிட்டார். 1947இல் புளூபேர்ட் என்று போட்டிருக்க மாட்டார்கள். ஆக 1941. அச்சக முகவரியும் ஒத்துப்போகிறது. ஊர்ப் பெயருக்குப் பின்னால் அஞ்சல் மண்டல எண் இல்லை. அந்த எண்கள் பெரிய நகரங்களுக்கு வந்தது 1943 மேயில். ஐந்து இலக்கக் குறியீடு இருந்திருந்தால் 1963க்குப் பிந்தைய மறு அச்சு என்று ஒரே பார்வையில் சொல்லியிருக்கலாம்.

அடுத்து, பில்போர்டு, டவுன்பீட் இதழ்களில் பேண்டுகள் எங்கே வாசிக்கின்றன என்ற பட்டியல் வரும். பில்போர்டின் பழைய இதழ்கள் இணையத்தில் இலவசம். 1941 ஜூலை, ஆகஸ்ட் இதழ்களைப் புரட்டி அந்த வாரம் ஹாக்கின்ஸ் தெற்கே இருந்தாரா என்று பாருங்கள்.

ஊசிமுனை

அந்த வெள்ளைப் பார்வையாளர் வரியைக் கவனித்தீர்களா, நீலக்குரல்? இது கறுப்பர்களுக்கான நடனம். வெள்ளையர்கள் மாடியில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கலாம், ஆட முடியாது. வேறு ஊர்களில் இதே பேண்ட் வெள்ளையர் நடனத்துக்கும் வாசித்திருக்கும், அங்கே மாடியில் கறுப்பர்கள். காட்டன் கிளப் அட்டை போல யாரையும் கேலி செய்யாமல், அந்த ஊரின் சட்டத்தை ஒரு வரியில் அப்படியே காட்டுகிறது.

உறையூர்த் தம்பிக்கு இன்னொன்று. நீங்கள் மில்லரில் தொடங்கினீர்கள். அவர் 1940இல் பெரும் வெற்றியாக்கிய டக்ஸிடோ ஜங்ஷன் பாட்டு ஹாக்கின்ஸ் பேண்டுடையது. 1939 ஜூலையில் அவர்கள் பதிவு செய்தது. அலபாமா பர்மிங்காமில் டிராம் தடங்கள் சந்திக்கும் இடத்தின் பெயர், ஹாக்கின்ஸின் சொந்த ஊர். முதலில் அந்தப் பதிவைக் கேளுங்கள், மில்லரைவிட வேகம் கூடுதல்.

தாளம்78

இந்த அட்டையை வாங்குவதாக இருந்தால் அந்தத் தட்டையும் சேர்த்து வாங்கிவிடுங்கள். புளூபேர்ட் அச்சு கிடைக்கிறது, விலையும் அதிகமில்லை. இரண்டும் ஓரிடத்தில் இருக்கட்டும். பாஸாயிக் நண்பருக்கும் எனக்கும் அதில் சண்டை இல்லை.

உறையூர்க்காரன்

1941 ஆகஸ்ட் பில்போர்டு பார்த்தேன். அந்த வாரப் பட்டியலில் பேண்ட் தென்மாநிலச் சுற்றுப்பயணத்தில் இருக்கிறது, ஊர் பெயர் மட்டும் இல்லை. விற்பவரிடம் வேறென்ன கேட்க வேண்டும்?

பாஸாயிக்_கரை

ஒருநாள் நடனங்கள் எல்லாம் பட்டியலில் வராது. அக்கம்பக்கம் இருந்தாலே போதும், அந்த ஊர்ச் செய்தித்தாளில் விளம்பரம் வந்திருக்கும், அதை நான் இங்கே நூலகத்தில் தேடிப் பார்க்கிறேன்.

விற்பவரிடம் பின்பக்கப் படம் கேளுங்கள். எண்பது வருட அட்டையின் முதுகு பழுப்பேறி, ஓரத்தில் அடர்ந்து, நடுவில் வெளிறி இருக்கும். முழுக்க ஒரே நிறமாக இருந்தால் தேநீரில் நனைத்த வேலை. புற ஊதா விளக்கு இருந்தால் அதில் ஒரு படம். 1950 வாக்கில் காகிதத்தில் வெளுப்பூட்டும் ரசாயனம் சேர்க்கத் தொடங்கினார்கள், அந்த அட்டை நீல வெள்ளையாக ஒளிரும். பழையது மங்கலாகவே இருக்கும். மேலே அடித்த எழுத்தைச் சாய்வெளிச்சத்தில் எடுக்கச் சொல்லுங்கள். அச்செழுத்து அழுந்திய தடம் விரலுக்குத் தெரியும். மூலைகளில் ஆணி ஓட்டையோ டேப் தடமோ இருந்தால் நல்லதுதான், அதற்காக விலையைக் குறைக்கச் சொல்லலாம்.

எல்லாம் சரியாக இருந்தால் என் முகவரிக்கு வாங்குங்கள், அனுப்பி வைக்கிறேன். சுருட்டி அனுப்பச் சம்மதிக்காதீர்கள், தடித்த அட்டை வெடித்துவிடும். இரண்டு பெரிய அட்டைகளுக்கு நடுவில் தட்டையாக, அமிலமில்லாத தாளில் சுற்றி வரவேண்டும். தட்டு வாங்கினால் அதைத் தனிப் பெட்டியில் அனுப்பச் சொல்லுங்கள், இதோடு ஒன்றாகக் கட்டக்கூடாது.